குழம்பு ஏறிய கப்பல்கள்

1

கரீபியன் கடலில் இருக்கும் மார்த்தினிக் தீவில் கோழிக் குழம்புக்குக் ‘கொலொம்போ’ என்று பெயர். பக்கத்துத் தீவான குவாதலூப்பிலும் அதே பெயர்தான். இரண்டுமே இன்றைக்கும் பிரான்சின் பகுதிகள். செல்லுபடியாகும் பணம் யூரோ, பேசும் மொழி பிரெஞ்சும் கிரியோலும். கொலொம்போவுக்கென்றே ஒரு மசாலாப் பொடி அங்கே கடைகளில் விற்கிறது. மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு, இவற்றோடு வறுத்து அரைத்த அரிசி. இந்தப் பட்டியலை முதல்முறை படித்தபோது அரிசியில்தான் என் கண் நின்றது. குழம்பு கெட்டியா வரணும்னு, மில்லுக்குக் கொடுக்கும் மிளகாய் மல்லியோடு ஒரு கைப்பிடி அரிசியை வறுத்துச் சேர்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி அந்தக் கைப்பிடி அரிசி எப்படிப் போயிருக்கும்?

பெயருக்கு இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். ஒன்று, கொழும்பு நகரம். இன்னொன்று, நம்ம ‘குழம்பு’. ழகரத்தை லகரமாக்கி, கடைசியில் ஒரு ஓகாரத்தைப் போட்டால் குழம்பு கொலொம்போ ஆகிவிடும். அந்தத் தீவுகளுக்குப் போன தமிழர்கள் கப்பலேறிய இடம் கொழும்பு இல்லை. முக்கியமாகப் புதுச்சேரியும் காரைக்காலும். அதனால் என் ஓட்டு குழம்புக்குத்தான்.

இப்போது உலக உருண்டையை அப்படியே கிழக்குப் பக்கம் திருப்புவோம். தெற்கு வியட்நாமின் வீடுகளில் ‘கா ரி கா’ என்று ஒரு கோழிக் குழம்பு வைக்கிறார்கள். ‘கா ரி’ என்பது நம்ம கறி. கடைசியில் நிற்கும் ‘கா’ அவர்கள் மொழியில் கோழி. மஞ்சள் தூக்கலான மசாலா, தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, உப்புக்குப் பதில் மீனை ஊறவைத்து எடுக்கும் சாறு. தொட்டுச் சாப்பிட நீளமான பிரெஞ்சு ரொட்டி. அந்த ஊருக்கு மசாலாக் குழம்பு போய்ச் சேர்ந்தது பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே குடியேறிய தென்னிந்தியர்கள் வழியாக. அவர்களில் பெரும் பங்கு புதுச்சேரிக்காரர்களும் காரைக்கால்காரர்களும்.

ஒரே கடற்கரையிலிருந்து ஒரு குழம்பு மேற்கே போயிருக்கிறது, இன்னொன்று கிழக்கே போயிருக்கிறது. ருசி ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இது ஒரு சுவாரசியமான தகவல். எனக்கு அதோடு நிற்க முடியவில்லை. ஏனென்றால் இரண்டு கப்பல்களிலும் ஏறியவர்கள் ஒரே மாதிரி ஆட்களாகப் போகவில்லை. ஒரு கப்பலில் கூலி ஒப்பந்தத்தோடு போனார்கள். இன்னொன்றில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு போனார்கள். புதுச்சேரியின் ‘இந்தோ–பிரெஞ்சு’ சமையல் பற்றி இப்போது நிறைய எழுதுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். அதில் இந்த வித்தியாசம் மட்டும் காணாமல் போகிறது.

2

முதலில் உள்ளூர் அடுப்பைப் பார்த்துவிடுவோம்.

புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுத் தமிழ்க் குடும்பங்களில் ‘ரகு’ என்று ஒரு சமையல் உண்டு. தெரியாதவர்கள் ஆள் பேர் என்று நினைத்துக்கொள்வார்கள். பிரெஞ்சில் ரகூ என்றால், இறைச்சியையும் காய்களையும் குறைந்த தீயில் நெடுநேரம் வேகவைத்த குழம்பு. ருசியைத் திரும்ப எழுப்புவது என்ற பொருள் தரும் வினைச்சொல்லிலிருந்து வந்த பெயர். பிரான்சில் அதற்கு வெண்ணெய், மாவு, ஒயின், வாசனை இலைகள். நம்ம ஊர் ரகுவில் பட்டை, கிராம்பு, சோம்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தேங்காய்ப்பால். காரம் குறைவு, வாசனை அதிகம். சோற்றுக்கும் ஆகும், ரொட்டிக்கும் ஆகும். இந்தச் சமையலை லூர்து திருவான்சியம் லூயி ‘த பாண்டிச்சேரி கிச்சன்’ என்ற நூலில் தொகுத்திருக்கிறார். அதற்கு முன்னால் அது பெரும்பாலும் வாய்வழிப் படிப்பாகவும் நோட்டுப் புத்தகக் குறிப்பாகவும்தான் இருந்தது.

ரகுவுக்கு வேண்டியது நேரம். என் ஆயா காலத்தில் குமுட்டி அடுப்பில் கரி தணிந்து சாம்பல் பூத்த பிறகு சட்டியை ஏற்றிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார்களாம். எங்கள் வீட்டில் இப்போது அந்த வேலையைச் செய்வது பிரான்சிலிருந்து வந்த சித்தி விட்டுப்போன ஸ்லோ குக்கர். பீங்கான் பானை, அதைச் சுற்றி மிதமான மின்சூடு, மேலே கண்ணாடி மூடி. பிரஷர் குக்கர் அவசரத்துக்குப் பிறந்தது என்றால் இது அதற்கு நேர் எதிர்.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ நாட்டுக்கோழி, எலும்போடு, கொஞ்சம் முற்றினதா இருந்தா நல்லது. வாணலியில் எண்ணெய் விட்டுப் பட்டை, நாலு கிராம்பு, மூணு ஏலக்காய், அரை ஸ்பூன் சோம்பு, ஒரு ஸ்பூன் ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு. அப்புறம் கால் கிலோ சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு தக்காளி. ரெண்டு ஸ்பூன் மல்லித்தூள், ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள், அரை ஸ்பூன் மஞ்சள் போட்டுப் பச்சை வாசனை போகும் வரை வதக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. ஸ்லோ குக்கருக்குள் எதுவும் வறுபடாது, வேக மட்டும்தான் செய்யும். பச்சையாகப் போன மசாலா எட்டு மணி நேரம் ஆனாலும் பச்சையாகத்தான் இருக்கும். கோழியையும் அதே வாணலியில் நிறம் மாறும் வரை புரட்டிக்கொள்ளலாம்.

உருளைக்கிழங்கைப் பானையின் அடியில் போட வேண்டும். இந்தச் சூட்டில் இறைச்சியைவிடக் கிழங்குதான் தாமதமாக வேகும். அதன்மேல் கோழியும் மசாலாவும், ஒரே ஒரு கப் தண்ணீர். மூடிக்குள் ஆவி திரும்பத் திரும்பச் சொட்டுவதால் நீர் சுண்டாது. அடுப்புக் குழம்புக்கு ஊற்றும் அளவு ஊற்றினால் ரசம் ஆகிவிடும். குறைந்த சூட்டில் ஏழு மணி நேரம். பிராய்லர் என்றால் நாலு மணி நேரமே அதிகம், நார் நாராகப் பிரிந்துவிடும். முற்றின நாட்டுக்கோழிக் காலில் இருக்கும் இணைப்புத் திசு மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாறுவதற்குத்தான் இத்தனை நேரம். அதுதான் குழம்புக்கு உதட்டில் ஒட்டும் கெட்டித்தன்மையைக் கொடுப்பது. திக்கான தேங்காய்ப்பால் அரை கப் கடைசி இருபது நிமிடத்தில். முன்னாடியே ஊற்றினால் திரிந்துவிடும். இறக்கும்போது கொஞ்சம் எலுமிச்சைச் சாறு.

கடைசியில் வடவம் தாளிக்க வேண்டும். வடவம் தெரியாத புதுச்சேரி வீடு இல்லை. பங்குனி சித்திரை வெயிலில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் நறுக்கி, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு கலந்து, பகலெல்லாம் காயவைத்து, ராத்திரி மூடிவைத்து, மறுநாள் விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து உருட்டி, நாள்கணக்கில் காயவைத்து எடுப்பது. பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘வதுவான்’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். இன்றைக்குப் பாரிசிலும் நியூயார்க்கிலும் சின்ன டப்பாவில் அது விலை உயர்ந்த மசாலா. விளக்கெண்ணெய் கிடையாது, மொட்டைமாடி வெயில் கிடையாது. அடுமனைச் சூட்டில் காய்ந்த வெங்காயம்.

ஸ்லோ குக்கரே ஒரு புலம்பெயர்ந்தவர் பானைதான் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. லிதுவேனியாவின் யூதக் குடும்பங்களில் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் முதல் நாள் மாலையே இறைச்சியும் பயறும் போட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட்டு வருவார்கள். அடுப்பின் மிச்சச் சூட்டில் ராத்திரி முழுக்க வேகும். அமெரிக்காவில் அந்த வம்சத்தில் வந்த இர்விங் நாக்சன் என்ற பொறியாளர், தன் தாய்வழி உறவுக் கதைகளில் கேட்ட அந்தப் பானையை மின்சாரத்தில் செய்து பார்த்தார். 1940இல் காப்புரிமை வாங்கினார். 1971இல் ரைவல் நிறுவனம் ‘கிராக் பாட்’ என்று அதை விற்பனைக்குக் கொண்டுவந்ததும், வேலைக்குப் போகும் பெண்களின் வீடுகளில் இடம்பிடித்தது. ஊரைவிட்டுப் போகிறவர்களால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. எவ்வளவு நேரம், எவ்வளவு தீ என்ற கணக்கை மட்டும் கொண்டுபோகிறார்கள். அடுத்த ஊரில் கிடைக்கிற பாத்திரத்தில் அந்தக் கணக்கைப் போடுகிறார்கள்.

3

புதுச்சேரியிலிருந்து அந்தக் கணக்கு ஏன் வெளியே போக வேண்டி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிரான்சுவா மார்த்தன் 1674இல் இங்கே வந்து நிலைகொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் டூப்ளே காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் தென்னிந்தியாவையே பிடித்துவிடுவார்கள் போலத் தோன்றியது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையோ அதை வைத்துப் பிரபஞ்சன் எழுதிய ‘மானுடம் வெல்லும்’ நாவலையோ படித்தவர்களுக்கு அந்தக் காலத்தின் பரபரப்பு தெரியும். 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். அதற்கப்புறம் கைமாறிக் கைமாறி, 1816இல் கடைசியாகப் பிரான்சிடம் திரும்பி வந்தபோது மிஞ்சியது ஐந்து துண்டு நிலங்கள்: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர். சுற்றிலும் ஆங்கிலேய ஆட்சி. படை பெரிதாக வைக்க முடியாது, நிலம் விரிக்க முடியாது.

இவ்வளவு சின்ன இடத்தால் ஒரு சாம்ராஜ்யத்துக்கு என்ன பயன்? ஒன்று, துணி. புதுச்சேரியில் நெய்து சாயமேற்றிய நீலத்துணி ஆப்பிரிக்காவில் செனகல் வரை போனது. இன்னொன்று, மனிதர்கள்.

1848 ஏப்ரல் 27ஆம் தேதி ஆணையில் பிரான்சு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரீபியன் தீவுகளில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஆப்பிரிக்க மக்கள் விடுதலையானார்கள். பலர் தோட்டங்களை விட்டு வெளியேறினார்கள். நின்றவர்கள் நியாயமான கூலி கேட்டார்கள். முதலாளிகளுக்கு அது கட்டுப்படியாகவில்லை. கூலியை ஏற்றிக் கொடுப்பதற்குப் பதில், கேள்வி கேட்காத வேறு ஆட்களைத் தேடினார்கள். 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்ற கப்பல் மார்த்தினிக் தீவின் சேன் பியேர் துறைமுகத்தில் முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்களை இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் ஆட்களைக் கொண்டுபோனது. 1861இல் பிரான்சும் பிரிட்டனும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, ஆங்கிலேயப் பகுதிகளிலிருந்தும் ஆள் எடுக்க வழிசெய்தன. 1880களின் இறுதியில் ஆங்கிலேய அரசு இதை நிறுத்தும் வரை, ஏறக்குறைய 25,000 பேர் மார்த்தினிக்குக்கும் 42,000 பேர் குவாதலூப்புக்கும் போயிருந்தார்கள். தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் ஜனங்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றதும் இந்தக் காலத்துக்குள்தான். பசித்த ஊரில் ஆள் பிடிப்பவருக்குப் பெரிய பேச்சுத் திறமை தேவைப்படவில்லை.

புதுச்சேரியில் கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. ஆழமில்லை. தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்குப் படகில் அலையைத் தாண்டிப் போய் ஏற வேண்டும். அப்புறம் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மூன்று மாதம் போலக் கடல். இறங்கியதும் ஐந்து வருட ஒப்பந்தம். ஒப்பந்தம் முடிந்தால் திரும்பிப் போகக் கப்பல் செலவு உண்டு என்று எழுதியிருந்தது. திரும்பாமலேயே அங்கே தங்கியவர்களும் செத்தவர்களும் ஏராளம்.

அங்கே அவர்கள் குழம்பு வைத்தார்கள். தேங்காய் இருந்தது. தெரிந்த இலைகள் பல இல்லை. அதற்குப் பதில் அந்த ஊர் தைம் செடியும் வெங்காயத்தாளும் வந்தன. கத்திரிக்காய், பூசணி, மாங்காய், சௌசௌ சேர்ந்தன. புளி, எலுமிச்சை என்று எது கிடைத்ததோ அது புளிப்பானது. ஒரு விஷயத்தில் மட்டும் குழம்பு தன் தாய்வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர்கள் வழியாக நமக்கு வந்தது. கரீபியன் உருண்டை மிளகாய் கடுங்காரம். அதை அரைக்காமல், உடையாமல், முழுசாகக் குழம்பில் மிதக்கவிட்டு வாசனையை மட்டும் எடுத்துக்கொள்ள அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

சாமியும் கூடவே போயிருந்தது. மாரியம்மன் அங்கே ‘மாலியெமன்’ ஆனாள். மதுரை வீரன் ‘மல்தெவிலன்’ ஆனார். கிடாவும் சேவலும் பலியிட்டு, அந்த இறைச்சியைக் கொலொம்போவாகச் சமைத்து, வந்தவர்களுக்கெல்லாம் வாழையிலையில் போடும் வழக்கம் வந்தது. சாப்பிட வந்தவர்களில் ஆப்பிரிக்க வம்சாவளி மக்களும் இருந்தார்கள். அவர்களின் கூலியைக் குறைக்கத்தான் இவர்களைக் கொண்டுவந்தார்கள் என்பதால் இரு தரப்புக்கும் இடையே ஆரம்பத்தில் கசப்பு இருந்தது. பூசைச் சாப்பாடு கசப்பைத் தீர்த்தது என்று சொன்னால் அது சினிமா. ஆனால் இன்றைக்குக் கொலொம்போ இந்தியர்களின் உணவாக மட்டும் அங்கே இல்லை. எல்லா வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்கும் உரியது.

குழம்பு அந்த ஊர்க்காரனாக ஆன வேகத்தில் மனிதர்கள் ஆக முடியவில்லை. குவாதலூப்பில் பிறந்த இந்திய வம்சாவளி மக்களைக் குடிமக்களாகச் சேர்க்க நிர்வாகம் மறுத்தது. வாக்கு கிடையாது. ஹென்றி சிதம்பரம் என்பவர் 1863இல் அந்தத் தீவில் பிறந்தவர். பெயரைப் பாருங்கள், பாதி பிரான்சு, பாதி தில்லை. 1904இல் தன் மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வழக்குக்குப் போனார். 1923 வரை இழுத்தது அந்தப் போராட்டம். கடைசியில் அவர்களும் பிரெஞ்சுக் குடிமக்கள்தான் என்று பிரெஞ்சு அரசு ஒத்துக்கொண்டது. முதல் கப்பல் இறங்கியதிலிருந்து கணக்குப் போட்டால் 70 வருடத்துக்குப் பக்கம்.

4

அதே சமயத்தில் கிழக்கே நடந்தது வேறு கதை.

பிரெஞ்சுப் படை 1859இல் சைகோனைப் பிடித்தது. புதிய காலனிக்கு ஆட்கள் வேண்டும்: குமாஸ்தா, காவலர், வரி வசூலிப்பவர், சிப்பாய். பிரெஞ்சு படித்தவர்கள் புதுச்சேரியில் இருந்தார்கள். 1826இல் தொடங்கிய பள்ளி, இப்போது நாம் ‘லிசே’ என்று சொல்வது, அப்போதே முப்பது வருடத்தைத் தாண்டியிருந்தது.

புதுச்சேரியில் 1873இல் ஒரு செருப்புத் தகராறு நடந்தது. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர்கள் மாதிரிக் காலுறையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியன் அப்படி வரக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் பாரிசின் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். அந்தச் சூட்டில் எழுந்த கேள்விகள், 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணையில் போய் முடிந்தன. அதன்படி ஒருவர் தன் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறப்பதாகக் கையெழுத்துப் போட்டு, ஒரு குடும்பப் பெயரை வைத்துக்கொண்டால், பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வந்துவிடலாம். இவர்களை ‘ரெனோன்சான்’, அதாவது துறந்தவர்கள் என்றார்கள். பொன்னுத்தம்பி ‘லபோர்த்’ ஆனார். பிரெஞ்சில் கதவு என்று பொருள். யாருக்கோ திறந்த கதவு என்று நினைத்து வைத்துக்கொண்டாரா என்று எனக்கு யோசிக்கப் பிடிக்கும். ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் கிறித்தவர்களுக்கும் அது உண்மையாகவே ஒரு கதவாக இருந்தது. ஊரில் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவர்கள் காகிதத்தில் பிரெஞ்சுக்காரனுக்குச் சமம் ஆனார்கள்.

ஊரில் அந்தக் காகிதத்தை மதிக்காத சாதி, சைகோனில் கொஞ்சம் தள்ளி நின்றது. அங்கே போன ரெனோன்சான்கள் குடிமக்களாக வாக்களித்தார்கள், அரசு வேலையில் உரிமை கேட்டுச் சண்டை போட்டார்கள். குமாஸ்தாக்களாகவும் போலீஸ்காரர்களாகவும் சந்தை வரி வசூலிப்பவர்களாகவும் இருந்தார்கள். பால் வியாபாரம் செய்தவர்கள் உண்டு. அவர்களோடு செட்டிநாட்டு வட்டிக்கடைகளும் தமிழ் முஸ்லிம்களின் துணிக்கடைகளும் வந்தன. சைகோன் நடுவில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது; வியட்நாம் மக்கள் வந்து கும்பிட்டுப் போகிறார்கள்.

சும்மா ஒரு நிமிடம் இரண்டு கடற்கரைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1880கள். குவாதலூப்பில் ஒரு தமிழன் வெள்ளை முதலாளியின் கரும்புத் தோட்டத்தில் விடுதலையான அடிமையின் இடத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறான். சைகோனில் இன்னொரு தமிழன் சந்தைக்குக் காய்கறி கொண்டுவரும் வியட்நாம் பெண்ணிடம் பிரெஞ்சு அரசுக்காக வரி வாங்கிக்கொண்டிருக்கிறான். அங்கே ஏணியின் அடிப்படி. இங்கே நடுப்படி, காலுக்குக் கீழே அந்த மண்ணின் ஜனங்கள். தங்கள் நாட்டில் தங்களுக்கு இல்லாத வாக்குரிமை கடல் தாண்டி வந்த இவனுக்கு எப்படி என்ற எரிச்சல் வியட்நாம் மக்களுக்கு இருந்தது. நியாயமான எரிச்சல்.

சமையலறை இந்த ஏணியைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை. புதுச்சேரிக்காரர்கள் வியட்நாம் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள், சேர்ந்து வாழ்ந்தார்கள். குழம்புக்குள் கறிவேப்பிலை போக வேண்டிய இடத்தில் எலுமிச்சைப்புல் போனது. உருளைக்கு மாற்றாகச் சர்க்கரைவள்ளி வந்தது. பொடிக்கு ‘கா ரி’ என்று பேர் மட்டும் மிஞ்சியது.

5

1954 இரண்டு பக்கமும் பிரான்சு கைவிட்ட வருடம். மே மாதம் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியது. 1956இல் ஒப்பந்தம் எழுதி, அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை இங்கே ‘சொல்தா’ என்போம். சொல்தா வீடு என்றால் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும் வீடு என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

சைகோனில் இருந்தவர்கள் 1954க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகவும், 1975 ஏப்ரலில் நகரம் விழுந்ததை ஒட்டி வேகமாகவும் வெளியேறினார்கள். சிலர் பிரான்சுக்கு, சிலர் புதுச்சேரிக்கு. வந்தவர்களோடு வியட்நாம் மனைவிகளும் வந்தார்கள். அவர்கள் வழியாகத்தான் இங்கே சில வீடுகளில் இன்னும் ‘சாயோ’ சுருட்டுகிறார்கள்: அரிசித் தாளுக்குள் கறியும் காயும் வைத்துப் பொரித்தது, வியட்நாமின் ‘சா யோ’. சொந்தக்காரர் விசேஷத்துக்கு ஆர்டர் சொல்லி வாங்குகிற பலகாரம் அது. கிழக்கிலிருந்து ஏதோ ஒன்று திரும்பி வந்திருக்கிறது. மேற்கிலிருந்து எதுவும் இந்தச் சமையலறைகளுக்குத் திரும்பி வந்ததாக நான் பார்த்ததில்லை. பாண்டியில் கொலொம்போ சாப்பிட்டேன் என்று சொன்ன ஒருவரை இதுவரை சந்திக்கவில்லை.

அதற்குக் காரணம் ருசி கிடையாது. சைகோனிலிருந்து வந்தவர்களிடம் திரும்பி வரக் காகிதம் இருந்தது, காசு இருந்தது, வந்து இறங்க வீடு இருந்தது, எழுதக் கை இருந்தது. கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களிடம் இருந்தது ஒப்பந்தத்தின் கீழ் வைத்த ஒரு அடையாளம். அவர்கள் புறப்பட்ட ஊர் புதுச்சேரியாகக்கூட இருந்திருக்க வேண்டியதில்லை. தஞ்சாவூர்ப் பக்கமோ தென்னார்க்காட்டுக் கிராமமோ. புதுச்சேரி அவர்களுக்கு ஏறின இடம் மட்டும்தான். அவர்களைத் தேடும் உறவு இந்த ஊரில் இல்லை.

6

சனி ஞாயிறுகளில் வெள்ளை நகரத்தில் நடக்க இடமிருக்காது. மஞ்சள் சுவர், காகிதப்பூ, அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கும் கூட்டம். உணவகப் பலகைகளில் ‘கிரியோல்’ என்ற சொல்லைப் பார்க்கலாம். ஊர் சுற்றிக்காட்டுகிறவர்கள் சொல்லி நான் கேட்ட கதை எப்போதும் ஒரே வரிசை: பிரெஞ்சுக்காரர்கள் ரொட்டி கொண்டுவந்தார்கள், நாம் மசாலா சேர்த்தோம், இரண்டும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டன. கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்தியச் சிப்பாய்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. தெற்கே டூப்ளே சிலை நிற்கிறது. கூலிக் கப்பல் அந்த வரிசையில் வந்து நான் கேட்டதில்லை.

சுற்றுலாக் கதையில் என் சண்டை ரொட்டியோடு இல்லை. அந்த ரொட்டியை ரகுவில் தொட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். என் சண்டை அந்தக் கதை நடக்கும் திசையோடு. எல்லாம் பிரான்சிலிருந்து நமக்கு வந்தது என்றே அது சொல்கிறது. இங்கிருந்து போனதை அது எண்ணுவதில்லை. போனதை எண்ணத் தொடங்கினால் யார் எந்த நிலையில் போனார்கள் என்று கேட்க வேண்டி வரும். ஒருவன் ஏன் கையெழுத்துப் போட்டுக் குடிமகன் ஆனான், இன்னொருவன் ஏன் அடையாளம் வைத்துக் கூலியானான்? சாதியை உதறிவிட்டுப் போனவன் இன்னொரு மக்கள் தலைமேல் ஏன் போய் நின்றான்? இந்தக் கேள்விகள் சாப்பாட்டு மேசைக்கு நல்லா இருக்காது. அதனால்தான் மேசையில் பூங்கொத்து வைக்கிறார்கள்.

பத்தாண்டு புதுச்சேரியில் வாழ்ந்த பாரதி, பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட பெண்களைப் பற்றிப் பாடினார். அது ஆங்கிலேயக் கப்பல்களின் கதை. பிரெஞ்சுக் கப்பல்களில் போனவர்களின் கதையை நாம் இன்னும் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் படிக்க வேண்டியிருக்கிறது. மொரீசியசுக்குப் போனவர்களைப் பற்றி நாகரத்தினம் கிருஷ்ணா ‘நீலக்கடல்’ எழுதினார். மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் தமிழில் அப்படி ஒரு கடல் தேவை. எழுத வருகிறவர்களுக்கு ஆவணங்களில் கப்பல் பெயரும் ஆள் எண்ணிக்கையும் தேதியும் கிடைக்கும். அந்த ஆட்கள் யாராக இருந்தார்கள் என்பதில் கொஞ்சம் வேறு இடத்தில் இருக்கிறது: மாலியெமன் என்று மாறிய சாமிப் பெயரில், சிதம்பரம் என்று நின்றுவிட்ட குடும்பப் பெயரில், வறுத்த அரிசி சேர்த்து அரைத்த மசாலாப் பொடியில்.

அந்த அரிசியை யாரும் அவர்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கவில்லை. குழம்பு நீர்த்துப் போகக் கூடாது என்று யாரோ ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. மூன்று மாதக் கடலிலும் ஐந்து வருடக் கரும்பிலும் அது அவளுக்கு மறக்கவில்லை.